மூன்று ஞாயிறு பேர் வாசிக்கவில்லை

எங்கள் வானொலி நிலையத்தில் ஒரு பச்சை இரும்பு பீரோ இருக்கிறது. மேல் தட்டில் டேப் சுருள்கள். நடுத் தட்டில் நேயர் கடிதங்கள். கீழ்த் தட்டில்... சொன்னால் நம்ப மாட்டீர்கள், அரக்கு நிறத்தில், மஞ்சள் கரை போட்ட ஒரு புதுச் சேலை. ஒரு மாதமாக மடிப்புக் கலையாமல் இருந்தது.

யாருடைய சேலை? போன வாரம் நீங்கள் கேட்டிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை சாந்தன்பாறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சத்தியத்திலிருந்து விடுதலை. ஆகவே இந்த வாரம் முழுக்க அந்தச் சேலைதான்.

புதிதாக இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரா வாரம் இங்கே வம்பளப்பது போதாதென்று, ஞாயிறு காலையில் ரேடியோவிலும் பேசுகிறவன் நான். நிகழ்ச்சியின் பெயர் ‘எல்லையோரம்’. அரை மணி நேரம். பாலக்காட்டிலிருந்து பாசஞ்சர் பிடித்துப் போய்ப் பேசிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவேன். நிலையம் எந்த ஊரில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் டைரக்டர் இந்தப் பத்திரிகையை ஓசியில் வாங்கிப் படிக்கிறவர்!

என்னோடு பேசுவது கமலம் டீச்சர். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடுகிறவர், ஞாயிறானால் என்னை மைக் முன்னால் நிறுத்தி மடக்குவார். கொல்லங்கோட்டில் மாம்பூ உதிர்ந்தாலும், ஆனைகட்டிக்கு பஸ் வராவிட்டாலும், சாந்தன்பாறையில் ஏலச்செடி அழுகினாலும் எங்களுக்குக் கடிதம் வந்துவிடும். கேரளாவில் இருக்கிற தமிழனுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆபீசுக்கு எழுதுகிற அபேட்சை மனுவை மலையாளத்தில் எழுதிவிடுவான். புலம்ப வேண்டுமென்றால் தமிழ்தான் வேண்டும். அந்தப் புலம்பலுக்குத்தான் எங்கள் அரை மணி.

அதில் எட்டு நிமிஷம் பேர் வாசிப்புக்குப் போய்விடும்.

கடிதம் எழுதியவர் பேர், ஊர், அவர் வீட்டுக்காரர் பேர், பிள்ளைகள் பேர், மச்சினன் பேர். சிலர் பசுமாட்டின் பேரைக்கூட எழுதுவார்கள். ஒன்று விடாமல் வாசிக்க வேண்டும். எட்டு நிமிஷம் டெலிபோன் டைரக்டரி படிக்கிற மாதிரி இருக்கும் எனக்கு. நடுவில் எச்சில் விழுங்கக்கூட நேரம் கிடையாது.

கடிதத்தில் விஷயம் இருந்தாலாவது பரவாயில்லை. முக்கால்வாசிக் கார்டில் ஒரே வரி. “நிகழ்ச்சி நன்றாக உள்ளது.” அதற்குக் கீழே பேர்கள். அவ்வளவுதான். சாந்தன்பாறையிலிருந்து ஒரு பெண் மூன்று வருஷமாக இந்த ஒரே வரியை எழுதிக்கொண்டிருந்தாள். ‘மூன்றாம் லயம், தெய்வானை, சுடலைமுத்து.’ எஸ்டேட்டில் தொழிலாளிகளின் வரிசை வீட்டை லயம் என்பார்கள். வாரம் தவறாமல் அதே கார்டு, அதே கையெழுத்து. ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறாளோ என்று நான் கிண்டல் அடித்ததுண்டு.

ஆடி மாதம் எனக்கு ஞானோதயம் பிறந்தது. மலையில் ஏலத்துக்கு அழுகல் நோய் வந்திருந்தது. மருந்தடிப்பது எப்படி என்று சொல்ல ஒரு விவசாய ஆபீசர் தயாராக இருந்தார். பத்து நிமிஷம் வேண்டுமாம். எங்கே போவது பத்து நிமிஷத்துக்கு?

“பேரைத் தூக்கிடலாம் டீச்சர்” என்றேன்.

“எல்லாப் பேரையுமா?”

“விஷயம் உள்ள கடிதம் நாலு வாசிப்போம். அந்த நாலு பேர் பேர் மட்டும் சொன்னாப் போதும். மத்ததெல்லாம் வெறும் ஜம்பம். ரேடியோவுல நம்ம பேரு வருதுன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிறதுக்குத்தானே எழுதறாங்க?”

கமலம் டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “உங்க பத்திக்கு மேலே உங்க பேரை எவ்வளவு பெரிய எழுத்துல போடறாங்க சார்?” என்று கேட்டார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இனிமேல் பேர் வாசிப்பு இல்லை என்று ஒரு வார்த்தை அறிவித்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. அறிவித்தால் சண்டைக் கடிதம் வருமே என்று பயம். சத்தமில்லாமல் கத்தரித்துவிட்டேன். இப்படி மூன்று ஞாயிறு போனது. நிகழ்ச்சி கச்சிதமாக இருக்கிறது என்று டைரக்டர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது வாரம், வியாழக்கிழமை. கடிதம் பிரிக்கிற நாள். டீச்சர் அரை நாள் லீவ் போட்டுவிட்டு வந்திருந்தார். மேஜையில் கார்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ‘விஷயம் உள்ளவை’, ‘விஷயம் இல்லாதவை’ என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மனிதர் உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வேட்டியில் முழங்கால் வரை செம்மண் சேறு. ஒரு கையில் குடை. இன்னொரு கையில், துணிக்கடைக் காகிதம் ஈரத்தில் நைந்துபோன ஒரு பொட்டலம்.

“நீங்கதானுங்களா பேர் வாசிக்கறவரு?”

“ஆமாங்க. உட்காருங்க.”

“உக்கார வரலீங்க. இதைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்ன, போட்டார். காகிதம் பிரிந்து அந்த அரக்குச் சேலை எட்டிப் பார்த்தது.

நேயர்கள் இதற்கு முன் எனக்குப் பலாப்பழம் கொடுத்திருக்கிறார்கள். மாம்பழக் கூடை வந்திருக்கிறது. ஒருவர் உயிரோடு ஒரு சேவல் கொண்டுவந்து, அது ஸ்டூடியோவுக்குள் கூவி, பெரிய ரகளை. சேலை இதுதான் முதல் தடவை. எனக்கு வாயெல்லாம் பல்.

“எதுக்குங்க இதெல்லாம்... நல்ல கலராத்தான் இருக்கு. எங்க வீட்ல கட்டினா எடுப்பா...” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினேன்.

“தொடாதீங்க” என்றார். “அது கோடிங்க.”

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் போர்த்துகிற புதுத்துணி. சுமங்கலியாகப் போனவள் என்றால் கல்யாணச் சேலை மாதிரியே நல்ல நிறமாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். 

கமலம் டீச்சர் எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். “யாருக்குங்க எடுத்தீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“என்ற புள்ளைக்குங்க. தெய்வானைக்கு.”

“ஐயோ... எப்போங்க?”

“சாகலீங்க. நல்லா இருக்கறா. அதைச் சொல்லத்தானே வந்தன்!”

அப்புறம்தான் உட்கார்ந்தார். பேர் ஆறுச்சாமி. கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வயல், ஏழெட்டு மாமரம். ஒரே பெண். மாங்காய் ஏற்ற வந்த லாரியில் மூட்டை தூக்குகிறவனாக வந்தவன் சுடலைமுத்து. சாந்தன்பாறை எஸ்டேட்டுக்காரன். அவன் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். ஒரு மாங்காய் சீசன் முடிவதற்குள் தெய்வானை அவனோடு மலையேறிவிட்டாள்.

ஆறுச்சாமி குளத்துக்குப் போனார். தலை முழுகினார். ஈரத்தோடு வந்து வாசலில் நின்று மனைவியிடம் சொன்னார்: “இனி இந்த ஊட்டுல அவ பேரைச் சொல்லக் கூடாது.”

யாரும் சொல்லவில்லை. தெய்வானையும் வீட்டுக்குக் கடிதம் போடவில்லை. போட்டால் கிழித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியாதா?

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. கடைவீதியில் ஜவுளியும் மளிகையும் சேர்த்து வைத்திருக்கும் ஷாகுல் பாய் இவரைக் கூப்பிட்டாராம். பாய் கடையில் பெரிய ரேடியோ உண்டு. வைத்தால் தெருவுக்கே கேட்கும். “ஆறுச்சாமி, காலையில ரேடியோவுல உம்ம புள்ள பேரு வந்துச்சு. நல்லாத்தான் இருக்கறா போல.” இவர் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார். ஆனால் வீட்டில் மனைவிக்கு எப்படியோ சேதி எட்டிவிட்டது.

“அடுத்த ஞாயித்துக்கெழமை என்ற ஊட்டுக்காரி, ‘சீரகம் தீந்து போச்சு, பாய் கடைக்குப் போயிட்டு வாங்க’ன்னாளுங்க. போனன். பெஞ்சுல உக்காந்தன். பேரு வந்துச்சு. சீரகம் வாங்கிட்டு ஊட்டுக்கு வந்தன். ‘கெடச்சுதா?’ன்னா. ‘கெடச்சுது’ன்னன். அன்னிலிருந்து ஞாயித்துக்கெழமையானா எங்க ஊட்டுல சீரகம் தீந்துருமுங்க.”

“மூணு வருஷமா?” என்றேன்.

“மூணு வருசமா. இப்ப ஊட்டுல ரெண்டு டப்பா நெறையச் சீரகம் கெடக்குதுங்க.”

டீச்சர் சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

“ஏங்க, பேரே சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

“ஊட்டுல சொல்லக் கூடாதுன்னுதானுங்க சொன்னன். கடையில கேக்கக் கூடாதுன்னா சொன்னன்?”

பெரிய வக்கீலுக்குக்கூட இந்தப் பாயிண்ட் தோன்றாது.

அப்படி இருக்கும்போதுதான் என் ஞானோதயம். முதல் ஞாயிறு பாய் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நாலு பேர் வந்தது. தெய்வானை வரவில்லை. கார்டு தாமதமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் “கெடைக்கலை” என்றார். இரண்டாவது ஞாயிறும் நாலு பேர்தான் வந்தது. “கெடைக்கலை.” மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிறு ஆனைகட்டிக்காரர் பேர் வந்தது, பூப்பாறைக்காரர் பேர் வந்தது... பூப்பாறைக்குப் பக்கத்திலேயே இருக்கிற சாந்தன்பாறை மட்டும் வரவில்லை.

“மத்தவங்க பேரெல்லாம் வருது, இவ பேரு மட்டும் இல்லீன்னா நான் என்னங்க நெனைக்கறது? மூணு வருசத்துல மழைக்கும் காச்சலுக்கும் ஒரு வாரங்கூட விட்டதில்லீங்களே!”

எல்லாப் பேரையும் தூக்கிவிட்டதாக நாங்கள் அறிவித்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். நாலு பேரை மட்டும் வாசித்தோமே, அதுதான் அந்த மனிதரைக் கொன்றது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அடுப்படியிலிருந்து ஒன்றே ஒன்று சொன்னாள். “போயிப் பாத்துட்டு வாங்க. வெறுங்கையோட போகாதீங்க.”

இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத தமிழன் உண்டா? அப்படி ஏதாவது ஆகியிருந்து, பிறந்த வீட்டிலிருந்து வந்தவன் வெறுங்கையோடு போய் நின்றால், நாதியற்றவள் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே. மலையில் போய்த் துணிக்கடை தேட முடியுமா?

திங்கட்கிழமை காலை பாய் கடைக்குப் போய், “ஒரு சேலை வேணும் பாய்” என்றாராம்.

“சேலைன்னா யாருக்கு, என்ன விசேஷம்னுதானுங்க பாய் மொதல்ல கேப்பாரு. அன்னிக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. மூணு ஞாயிறும் அவரும்தானே ரேடியோ கேட்டாரு? அவரே நல்லதா ஒண்ணு எடுத்துக் கட்டிக் குடுத்தாரு. குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாருங்க.”

பொள்ளாச்சி, பழனி, தேனி, போடி என்று பஸ் மாறி மாறி, மலையேறி, பூப்பாறை போய், சாந்தன்பாறையில் இறங்கியது செவ்வாய்க்கிழமை மத்தியானம். நல்ல மழை. மூன்றாம் லயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். குழாயடியில் ஒரு பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“அவகிட்ட எப்பிடிங்க கேக்கறது? ‘தெய்வானை ஊடு எது’ன்னு கேக்கறதா, ‘தெய்வானையை எங்க கொண்டு போனீங்க’ன்னு கேக்கறதா? வாயே வரலீங்க. பேரை மட்டும் சொன்னன். மூணு வருசத்துல என்ற வாயால அன்னிக்குத்தான் அவ பேரைச் சொன்னன்.”

குழாயடிப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாளாம்: “தெய்வானையா? ஏலக்காட்டுல காய் எடுக்கா. சாயங்காலம் வருவா. நீங்க ஆரு?”

ஆறுச்சாமி மழையிலேயே ஒரு கல்மேல் உட்கார்ந்து அழுதிருக்கிறார். குடையை விரிக்கக்கூடத் தோன்றவில்லை. அழுது முடித்த பிறகுதான் கையில் இருக்கும் பொட்டலம் ஞாபகம் வந்திருக்கிறது. உயிரோடு இருக்கிற பெண்ணின் வீட்டுக்குள் அதைக் கொண்டுபோகலாமா? லயத்துக்குப் பக்கவாட்டில் சாக்கு மூடி விறகு அடுக்கியிருந்தார்கள். அதற்குள் செருகிவிட்டார்.

சாயங்காலம் முதுகில் கூடையோடு தெய்வானை வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள்.

“ஏழு மாசமுங்க” என்றார் எங்களிடம். “மூணு வருசமா ரேடியோவுல கேக்கறன். அதைச் சொல்லலீங்களே.”

அவள், “என்னப்பா, இந்த மழையில?” என்று கேட்டாளாம். இவர், “சும்மா, பாத்துட்டுப் போலாம்னு” என்றாராம். மூன்று வருஷத்துப் பிணக்கு அந்த இரண்டு வாக்கியத்தில் தீர்ந்தது. நானாக இருந்தால் அரைப்பக்கம் வசனம் எழுதியிருப்பேன்.

சுடலைமுத்து வேலை முடிந்து வந்து, மாமனாரைப் பார்த்துவிட்டு, சொந்த வீட்டு வாசலிலேயே மழையில் நின்றிருக்கிறான். உள்ளே வரத் தைரியமில்லை. “மழையில ஏன் நிக்கறீங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க” என்று அவன் வீட்டுக்குள் அவனையே வரவேற்றவர் ஆறுச்சாமிதான்.

விடிந்ததும் புறப்பட்டுவிட்டார். போகிறபோது விறகுக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். எடுத்துவிட்டார், அதை என்ன செய்வது? பாய் கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது. வேறு யாருக்கும் தானம் பண்ண முடியாது. எரித்தால்... அதை எரிக்கிற தைரியம் எந்த அப்பனுக்கு வரும்? வீட்டுக்குக் கொண்டுபோனால் பெண்டாட்டி அதைப் பார்த்துப் பார்த்து அழுவாள். வீட்டுக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்துவிட்டார்.

“நீங்க பேரு வாசிக்காததுனாலதானே எடுத்தன்? நீங்களே வெச்சுக்கோங்க.”

நான் விடவில்லை பாருங்கள். அப்போதும் என் புத்திசாலித்தனம் போகவில்லை. “இல்லீங்க, இந்த அழுகல் நோய் பத்தி ஒரு உபயோகமான பேச்சு... அதுக்கு நேரம் வேணும்னுதான்...” என்று ஆரம்பித்தேன்.

“நோயைப் பத்தி ஆபீசருங்க எஸ்டேட்டுக்கே வந்து சொல்லுவாங்க. என்ற புள்ள உசுரோட இருக்கறான்னு ஆருங்க வந்து சொல்லுவாங்க?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணியின் வாசலுக்கு, என் ஒரு கத்தரிப்பினால், கோடிச் சேலை போயிருக்கிறது.

அவர் எழுந்தார். “ஒண்ணே ஒண்ணுங்க. இது அவளுக்குத் தெரியக் கூடாது. ரேடியோவுல சொல்லக் கூடாது. பத்திரிகையில எழுதக் கூடாது. அப்பன் நம்ம சாவை நெனச்சுத் துணி எடுத்தான்னு புள்ள நெனைக்கக் கூடாதுங்க.” சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனார்.

கமலம் டீச்சர் சேலையைத் தொட்டு எடுத்தார். எனக்கில்லாத தைரியம் அவருக்கு உண்டு. புதுக் காகிதத்தில் சுற்றி பீரோவின் கீழ்த் தட்டில் வைத்தார். பிறகு ‘விஷயம் இல்லாதவை’ கட்டை என் முன்னால் தள்ளினார்.

பிரித்துத் தேடினேன். தெய்வானையின் மூன்று கார்டுகளும் இருந்தன. முதல் இரண்டில் வழக்கமான வரிதான். மூன்றாவதில் கொஞ்சம் கூடுதல். “அய்யா, இரண்டு வாரமாக எங்கள் பெயர் வரவில்லை. நாங்கள் நலமாகவே இருக்கிறோம். தயவுசெய்து வாசிக்கவும்.”

நலமாகவே இருக்கிறோம். யாருக்கு எழுதியது? எனக்கா?

அந்தக் கட்டு முழுவதையும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். ஆனைகட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர். அண்ணனோடு வரப்புத் தகராறு, கோர்ட்டில் வழக்கு, பேச்சுவார்த்தை கிடையாது. இதெல்லாம் ஒரு பழைய கடிதத்தில் அவரே எழுதியதுதான். வாராவாரம் பேர்ப் பட்டியலில் கடைசியாக அந்த அண்ணன் பேரையும் சேர்த்தே எழுதுகிறார்! நானும் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். வாசித்ததோடு சரி. ஜம்பத்துக்கு எழுதுகிறார்கள் என்று சொன்னேனே, ஜம்பம் யாருக்கு இருந்தது என்று டீச்சர் அன்றைக்கே கேட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு பேர் வாசித்தோம். மூன்று வாரப் பாக்கி சேர்த்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. முதல் பேர் சாந்தன்பாறை, மூன்றாம் லயம். மாட்டின் பேர்களையும் விடவில்லை. டைரக்டரிடமிருந்து ஒரு மெமோ வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் சேலை கண்ணில் படும். மூடிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை வந்ததைச் சொன்னேனே, அது கார்டு அல்ல. இன்லண்ட் கடிதம். மூன்று வருஷமாக ஒரு வரி எழுதியவள், இந்தத் தடவை மடிப்பில்கூட இடம் விடாமல் எழுதியிருக்கிறாள். அப்படியே தருகிறேன். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

“ரேடியோ அய்யாவுக்கும் டீச்சரம்மாவுக்கும் தெய்வானை எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். எங்கப்பா ஒரு சேலையை உங்ககிட்டக் குடுத்து வெச்சிருக்கார். எனக்குத் தெரியாதுன்னு அவர் நினைச்சுக்கிட்டிருக்கார். அன்னிக்குச் சாயங்காலம் அடுப்புக்கு விறகு எடுக்கப் போனவளே நான்தானே? பாய் கடைக் காகிதத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. என்ன சேலை, எதுக்குன்னும் தெரிஞ்சுபோச்சு. இருந்த இடத்துலயே வெச்சிட்டு, வேற பக்கமா விறகு எடுத்துட்டு வந்து காப்பி போட்டுக் குடுத்தேன். காலையில அவர் அதைத் தூக்கிட்டுப் போறதையும் பார்த்தேன். அப்புறம் அம்மாவுக்குக் காயிதம் போட்டுக் கேட்டேன். உங்ககிட்ட இருக்குன்னு அம்மாகிட்ட அப்பா ஒத்துக்கிட்டாராம்.

“அந்தச் சேலையை எனக்கு அனுப்பி வையுங்க. லயத்துல எல்லாரும் வேண்டாம்கிறாங்க, அபசகுனமாம். சாவுக்கு எடுத்த சேலையைச் சாகாதவ கட்டினா என்ன ஆகும்? ரெண்டு வருசத்துல கிழியும். வேற என்ன ஆகும்?

“எனக்குக் கல்யாணத்துக்கு எங்கப்பா சேலை எடுக்கலை. நான் கேக்கவும் இல்லை. அவர் கையால எனக்குன்னு எடுத்தது இது ஒண்ணுதான். நான் செத்தா மட்டும்தான் கட்டணுமா?

“அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ரேடியோவுல சொல்றதுன்னாலும் சொல்லுங்க, பத்திரிகையில எழுதறதுன்னாலும் எழுதுங்க. பேரை மட்டும் விட்டுறாதீங்க.”

கீழே வழக்கம்போல மூன்றாம் லயம், தெய்வானை, சுடலைமுத்து. அதற்குக் கீழே, புதிதாக, ஆறுச்சாமி என்று அப்பா பேர். பக்கத்தில் அம்மா பேர்.

கமலம் டீச்சர் இரண்டு தடவை படித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பார்சலை நானே கட்டறேன் சார்” என்றார். எனக்குக் கட்டத் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் கட்ட முடியவில்லை என்பதுதான் உண்மை. எழுதுகிறவனுக்கு இதை ஒத்துக்கொள்ள ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

நேற்றுப் போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். பார்சலைத் தராசில் வைத்துவிட்டுக் குமாஸ்தா கேட்டார்.

“உள்ளே என்ன?”

“சேலை.”

“விசேஷமா?”

“கல்யாணச் சேலை” என்றேன்.

“அப்ப சீக்கிரம் போய்ச் சேரணுமே. கல்யாணம் என்னைக்கு?”

“மூணு வருஷமாச்சு.”